எண்ணெய் கொண்டுவராதவர்

எனக்குச் சர்க்கரை கூடியபோது, தென்காசியில் எங்கள் மொட்டைமாடிக்கே வந்து உடற்பயிற்சி சொல்லித்தர ஓர் இளைஞரை அமர்த்தினேன். அகன்ற தோள், ஒட்ட வெட்டிய முடி. தொழிலை அப்போதுதான் தொடங்கியிருந்தார். வாசலில் நின்று ஷூவைத் துடைத்துவிட்டுத்தான் படியேறுவார்.

குற்றாலம் சீசனுக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த என் மனைவியின் அண்ணன், அவரைக் கண்டதும் சட்டையைக் கழற்றிவிட்டுப் பாயில் குப்புறப் படுத்தார்.

"எண்ணெய் எங்கப்பா? நல்லா அமுக்கித் தேய்ச்சு விடு. அருவிக்குப் போகணும்."

இளைஞர் முகம் இறுகியது. "எந்திரிங்க சார். நான் எண்ணெய் தேய்க்க வரல. டிரெய்னர். படிச்சு சர்டிபிகேட் வாங்கிருக்கேன்."

"கோச்சுக்காதப்பா. அருவிக்கிட்ட தேய்க்கிறவன் எவனாவது இருப்பான்ல?"

"இருப்பாவ. எங்கப்பா அங்கனதான் நிக்காவ. ஆனா 'வாங்க, போங்க'ன்னு பேசினாத்தான் எண்ணெயில கைய வைப்பாவ. நான் சொல்லி வச்சிருக்கேன்."

அன்று மைத்துனர் அருவியில் குளித்துவிட்டு வந்தார். தலையிலும் முதுகிலும் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அந்த இளைஞர் துடைத்த ஷூவோடு இன்றும் வருகிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம், 'வாங்க' என்று சொல்ல மனமில்லாமல் வெறும் உடம்போடு திரும்பிய அந்த மனிதரை நினைத்து எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.