மண் ராஜாவின் தொடை

செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு மிக்ஸ்டு மீடியா செய்கிறேன் என்று சொன்னால், எந்தச் சேனலுக்கு என்று கேட்பார்கள். கண்டதையும் சேர்த்து ஒட்டிச் செய்கிற கலை என்று விளக்கி மாளாது. அதனால் ஃப்ளெக்ஸ் கடையில் வேலை என்று சொல்லிவிடுவேன். அதுவும் பொய்யில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் பேனர் டிசைன் செய்துதான் என் பிழைப்பு ஓடுகிறது. காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர் வருகை, எல்லாம் நான் போட்டதுதான். கூட்டம் முடிந்து கழற்றிப்போட்ட பேனர்களை வீட்டுக்குத் தூக்கி வந்து, அவற்றில் கும்பிடுகிற கைகளை மட்டும் கத்தரித்துச் சாக்கில் சேர்த்து வைத்தேன். முகங்கள் எனக்கு வேண்டாம். தேர்தலுக்குத் தேர்தல் முகம் மாறும், கை மட்டும் அப்படியே இருக்கும்.

அந்தக் கைகளை ஒட்ட ஓர் உடம்பு தேவைப்பட்டது. அப்போதுதான் படுகளத்து ராஜாவைச் செய்யலாம் என்று தோன்றியது.

எங்கள் பக்கத்தில் அம்மன் திருவிழாவின் உச்சம் படுகளம்தான். கோயிலுக்கு எதிரே மைதானத்தில், தோற்கப்போகிற ராஜாவை மண்ணால் மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். வீட்டைவிட நீளமான உடம்பு, முறுக்கிய மீசை, முழித்துப் பார்க்கிற கண். கூத்துக்காரர் கதாயுதத்தோடு ஓடிவந்து அவன் தொடையில் ஓங்கி அடிப்பார். உள்ளே புதைத்து வைத்த பானை உடைந்து சிவப்புத் தண்ணீர் பீறிடும். உடனே சனம் பாய்ந்து ராஜாவைப் பிய்த்து எடுக்கும். அந்த மண்ணை நிலத்தில் போடுவார்கள், நெல் மூட்டைக்கு அடியில் போடுவார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் அங்கே ராஜாவும் இருக்கமாட்டான், மீசையும் இருக்காது. இதில் ஒரு கண்டிப்பு உண்டு. ராஜாவுக்குக் கண் திறந்துவிட்டால் அன்றைக்கே அடித்துவிட வேண்டும், விட்டுவைத்தால் ஊருக்கு ஆகாது.

செஞ்சியிலிருந்து டவுன் பஸ் வந்து போகிற எங்கள் ஊரில், அந்த அடிக்கு நேரம் சொல்கிறவர் என் நைனா. விழாக் கமிட்டிக்குத் தலைவர். கூட்டம் என்னதான் கத்தினாலும், அவர் கையைத் தூக்கி இறக்கினால்தான் கதாயுதம் இறங்கும். வீட்டிலும் அதே கைதான். அந்தக் கை தூக்கினால் எங்கள் பேச்சு நிற்கும், டிவி நிற்கும். அம்மா அவருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நான் சென்னைக்குப் போய் ஓவியம் படிக்க அவரைத் தலையாட்ட வைப்பதற்குள் எனக்கு ஒரு முழு வருஷம் வீணானது. அதிகாரம் என்றால் என்ன என்று நான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

என் ராஜாவுக்கு அவருடைய அளவைத்தான் எடுப்பேன் என்று சொன்னபோது, திட்டுவார் என்று நினைத்தேன். அவருக்கோ ஒரே சந்தோஷம். சட்டையைக் கழற்றிவிட்டுக் களத்துமேட்டில் அவரே போய் மல்லாந்து படுத்துவிட்டார். நான் கயிறு பிடித்து அளந்தேன். தவிட்டு வாளியோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"உசுரோட இருக்கிற ஆள தரையில கெடத்தி அளக்கறியே, உனக்கு இன்னா, புத்தி கெட்டுப்போச்சா?"

"அளக்கட்டும் உடு. ராஜான்னா சும்மாவா?" என்றார் நைனா. பிறகு என்னிடம், "மீசைய மட்டும் கம்மி பண்ணிடாத" என்றார்.

பழைய மாட்டுக் கொட்டகையில் வேலை நடந்தது. ஏரி மண், வைக்கோல், கோணி. நைனாவின் அளவுக்கு இரண்டு மடங்கு உடம்பு. லாரியில் ஏற்ற வேண்டும் என்பதால் தலை, மார்பு, இடுப்பு, கால்கள் என்று தனித்தனிப் பலகைகள் மேல் செய்து, ஒட்டுத் தெரியாமல் இருக்க மூட்டுக்கு மூட்டு செப்புத் தகடு வைத்து அடித்தேன். கட்டம் போட்டு எழுத்து கீறிய தகடுகள், கடைத்தெருவில் பூசைச் சாமான் கடையில் கிடைப்பவை. வாசலில் மாட்டினால் காத்து கருப்பு அண்டாது என்று சொல்லித்தான் விற்பார்கள். எனக்கு அவை ஒட்டு மறைக்கிற தகடுகள். மார்பு முழுக்கக் கும்பிடுகிற கைகள். தலைக்குக் கிரீடமாக, காயலான் கடையில் கிடைத்த சர்க்கார் காரின் சிவப்புச் சுழல்விளக்கு. தோளுக்கு, அதிகாரிகளின் நாற்காலி முதுகில் போட்டிருப்பார்களே, அந்த வெள்ளைத் துண்டு. எல்லாம் முடிந்து கடைசியாகக் கண்ணைத் திறந்தேன். அதுவரை மண்ணாகக் கிடந்தது, கருவிழி வைத்ததும் என்னையே பார்த்தது. அன்றைக்கு நான் சாப்பிடக்கூட இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

சென்னையில் ஒரு கண்காட்சிக்கு அது தேர்வாகியிருந்தது. திறப்பு நாளில் கூத்துக்காரர் வந்து தொடையை அடிப்பார், பார்வையாளர்கள் ஆளுக்கொரு சின்னப் பையில் மண்ணை எடுத்துப் போவார்கள். அதுதான் திட்டம். அதிகாரத்தின் குறியீடு, மாந்திரீகத்தின் குறியீடு, இரண்டும் ஒரே அடியில் உடைகின்றன என்று குறிப்பில் எழுதிக் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் எனக்கு வந்த முதல் பெரிய வாய்ப்பு அது.

கண் திறந்த அந்த வாரமே நைனா பம்ப் செட் அருகில் விழுந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வலது பக்கம் முழுக்கப் போயிருந்தது. பேச்சும் போய்விட்டது. இனி பெரிதாக மாற்றம் வராது என்று டாக்டர் சொன்னார். புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. அதுதான் கொடுமை. மூத்திரத் துணி மாற்றும்போது அவர் சுவரைப் பார்ப்பார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் வெளியே போய்விடுவேன்.

அம்மா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். உயிரோடு இருக்கிற ஆளை அளந்தாயிற்று, கண்ணையும் திறந்தாயிற்று, இனி அந்த மண்ணும் இவரும் ஒன்று. "அத அடிச்சா இவரு போயிடுவாரு. நீ தொட்டுடாத, சொல்லிட்டேன்" என்றாள். பக்கவாதம், ரத்தக்கொதிப்பு, மாத்திரை ஒழுங்காகப் போடாதது என்று நான் கத்திப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு எழுந்து கொட்டகைக்குப் போனாள்.

அதிலிருந்து அவளுக்கு இரண்டு நோயாளிகள். காலையில் நைனாவைத் துடைத்துப் பவுடர் போட்டுப் புரட்டிப் படுக்க வைப்பாள். பிறகு ஒரு வாளி குழைத்த மண்ணோடு கொட்டகைக்குப் போய், ராஜாவின் உடம்பில் எங்கே வெடிப்பு விட்டிருக்கிறதோ அங்கே அப்பித் தடவுவாள். வெயில் ஏறினால் ஈரக் கோணி போர்த்துவாள். வெடிப்பு அதிகமாக இருக்கும் நாளில் நைனாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று அடித்துச் சொல்வாள். நம்பிக்கையைக் கேள்வி கேட்பதற்கு நான் செய்த உருவம், அவள் கையில் நம்பிக்கையாகவே ஆகிவிட்டது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் குனிந்து அந்த மண் முழங்காலைத் தடவிக்கொண்டிருப்பவளிடம் என்ன பேச முடியும்?

கண்காட்சியை நடத்தும் பெண்ணுக்குப் போன் செய்து, உடைக்க முடியாது, முழுசாகத்தான் வைக்க வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன்.

உடனே அவர் குரலில் ஒரு பரபரப்பு. "இதுதாங்க உங்க படைப்பே! அம்மா மண் தடவுறத வீடியோ எடுங்களேன். அப்பா கட்டில் பக்கத்துலயும் ஒரு ஷாட். ரெண்டையும் ஒரே ரூம்ல போடலாம்."

போனை வைத்துவிட்டேன். மறுபடி அவர் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. கண்காட்சி நடந்து முடிந்ததைப் படங்களில் பார்த்தேன். என் இடத்தில் வேறு யாரோ ஒருவருடைய நாற்காலிகள் தொங்கின.

ஒரு நாள் நைனா இடது கையால் கொட்டகைப் பக்கம் காட்டிக்கொண்டே இருந்தார். சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிப் போனேன். ராஜாவை வெகு நேரம் பார்த்தார். மீசையைப் பார்த்தபோது உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிக்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு இடது கையைத் தலைக்கு மேல் தூக்கினார். தூக்கி, இறக்கினார்.

படுகளத்தில் ஊரே பார்த்துக்கொண்டிருக்க அவர் காட்டுகிற சைகை அது. புரியாதது போல நாற்காலியைத் திருப்பினேன். அவர் நாற்காலிக் கையை அறைந்தார். மறுபடி தூக்கினார், இறக்கினார்.

அன்றிலிருந்து அதே பேச்சுதான் அவருக்கு. என்னைப் பார்த்தால் கை தூக்கும், இறங்கும். அம்மாவைப் பார்த்தாலும் அப்படித்தான். அம்மா அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் அழுத்தி வைத்துக்கொள்வாள். அவர் இழுப்பார். பிழைத்த ஒரு கைக்கும் அவளுடைய இரண்டு கைக்கும் மல்லுக்கட்டு நடக்கும். முன்பெல்லாம் அவர் விரல் அசைந்தாலே ஒதுங்கி நின்றவள் அவள்.

"அவர் என்ன கேக்கறார்னு உனக்குப் புரியுதாம்மா?"

"ஏன் புரியாம? அவருக்கு சாவணும்னு இருக்குது."

"அப்புறம்?"

"எனக்கு அவரு இருக்கணும்னு இருக்குது. கட்டிக்கினு வந்த நாள்லருந்து அவரு கேட்டதெல்லாம்தான் இந்த வீட்ல நடந்துக்கினு இருக்குது. எனக்குன்னு நான் இன்னா கேட்டுட்டேன்? இது ஒண்ணு கேக்கக் கூடாதா?"

இருவரில் யார் பக்கம் நின்றாலும் இன்னொருவருக்குத் துரோகம். மண்ணை உடைத்தால் உயிர் போகாது என்பது எனக்குத் தெரியும். அப்படியிருந்தும், உடைத்தால் அவர் சாவுக்கு நான் சம்மதித்தேன் என்று ஆகிவிடும். அந்தச் சம்மதம் என் மனசில் ஏற்கெனவே இருந்தது. தினமும் அந்தக் கை கேட்பதைப் பார்த்துக்கொண்டு, கொடுக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த ஒரு காலை. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, தொடைக்குள் முன்பே விட்டுவைத்த பானையில் ஊற்றி மண்ணால் மூடினேன். நைனாவை நாற்காலியில் கொண்டுவந்து ராஜாவின் தலைமாட்டில் நிறுத்தினேன். என்ன நடக்கப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தோளில் துண்டு இல்லை என்று சைகை காட்டினார். கொடியிலிருந்து எடுத்து வந்து போட்டுவிட்டேன். இடது கையாலேயே அதைச் சரி செய்துகொண்டார். நான் உலக்கையைத் தூக்கிக்கொண்டு அவரைப் பார்த்தேன். கை மேலே போனது. அங்கேயே கொஞ்சம் நின்றது. இறங்கியது.

அடித்தேன்.

பானை உடைகிற சத்தம் உள்ளேயிருந்து கேட்டது. சிவப்புத் தண்ணீர் கிளம்பிப் பலகை வழியாகத் தரைக்கு ஓடியது. தொடை இரண்டாகப் பிளந்து, செப்புத் தகடு கழன்று விழுந்தது. நைனா கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் அப்படி ஓர் அமைதி. ஊர்த் திருவிழாவில்கூட நான் பார்த்ததில்லை. ஒன்றையும் நம்பாத நான், உலக்கையைக் கீழே வைக்கவும் பயந்து, அவர் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

வெளியே ஏதோ டிராக்டர் போனது. அவர் கண்ணைத் திறந்தார். உடைந்த தொடையைப் பார்த்தார். இடது கையைத் தன் மார்பின் மேல் வைத்து அழுத்திப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கடை மூடிய பிறகு வந்து நிற்கிறவர் பார்ப்பது போலப் பார்த்தார். உணர்வு செத்த வலது கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, அது வழிவதுகூட அவருக்குத் தெரியவில்லை.

அம்மா அரிசிப் பையோடு வாசலில் நின்றாள். சிவப்புத் தண்ணீரைப் பார்த்ததும் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அவர் மூக்கருகே கையை வைத்தாள். "இருக்குது, மூச்சு இருக்குது" என்று சிரித்தாள், அழுதாள். பிறகு ராஜாவின் பிளந்த தொடைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தாள். "வெறும் மண்ணா இது?" என்றாள் என்னிடம். இத்தனை நாளாகத் தடவித் தடவி அவர் உயிரைக் காப்பாற்றியது தான்தான் என்று இருந்தவளுடைய முகம் மெல்ல விழுந்தது. கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, சிந்திய அரிசியை அள்ளப் போனாள். இருவருக்கும் பிடித்துக்கொள்ள இருந்தது அந்த ஒன்றுதான். அவருக்குப் போவதற்கு ஒரு வழி, அவளுக்கு அவரைப் பிடித்து வைக்க ஒரு வழி. அதற்குச் சக்தி எதுவும் இல்லை என்று நான் நிரூபித்துக் காட்டிவிட்டேன். ஜெயித்தது நான்தான். இப்படி ஒரு ஜெயம் யாருக்கும் வேண்டாம்.

அன்றைக்குப் பிறகு நைனா கையைத் தூக்கவில்லை. மறுநாள் காலை அம்மா கஞ்சி கொண்டுவந்தாள். அதுவரை ஒவ்வொரு ஸ்பூனுக்கும் உதட்டை இறுக்கிக்கொண்டு அவளோடு சண்டை போட்டவர், ஸ்பூன் கிண்ணத்தை விட்டு எழும்புவதற்கு முன்பே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.