மலைக்குப் போகிற வழியில் அக்கா வீடு

கல்யாணமாகிப் பாரிசுக்கு வந்த நாளிலிருந்து என் கோடை விடுமுறைகள் எல்லாம் யாரோ ஒருவருடைய குசினியில், அடுப்படியில்தான் கழிந்தன. லண்டனுக்குப் போனோம். அங்கே நான் பார்த்தது இவருடைய சித்தப்பா வீட்டு வெங்காயம். ஜெர்மனிக்குப் போனோம். அங்கே வெங்காயம் கொஞ்சம் பெரிது, கத்தி மொட்டை. ஒவ்வொரு வருடமும் தவறாமல் லியோனுக்குப் போனோம். லியோனில் இவருடைய அக்கா இருக்கிறார், எனக்கு மச்சாள். நான் வெட்டிய வெங்காயத்தை விரலால் கிளறிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சின்னனா வெட்டும்" என்பார். சலூனில், அதாவது வரவேற்பறையில், மெத்தை விரித்துப் படுத்து, விடிய எழும்பி, பதினைந்து பேருக்குத் தேத்தண்ணி ஊற்றிவிட்டுப் பாரிசுக்குத் திரும்புவோம். பிரெஞ்சில் இதற்குப் பெயர் வகான்ஸ், விடுமுறை.

நான் வேலை செய்வதும் ஒரு பள்ளிக்கூடக் கன்டீனில். வருடம் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பரிமாறுவது, கோடையில் சொந்தக்காரருக்குப் பரிமாறுவது. செப்டெம்பரில் மற்றவர்கள் வெயிலில் கறுத்து வருவார்கள். நான் கறுத்துத்தான் இருக்கிறேன் என்பதால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு செப்டெம்பரில் கூட வேலை செய்கிற வெள்ளைக்காரி தன் போனில் ஒரு படம் காட்டினாள். கம்பிங்கார் என்பார்கள், உள்ளேயே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் இருக்கிற வீட்டு வண்டி. அதன் வாசல்படியில் ஒரு கோப்பிக் கோப்பை. பின்னால் பனி மூடிய மலை. தேசியப் பூங்கா ஒன்றின் எல்லையில் எடுத்ததாம். மலை நல்ல வடிவுதான். ஆனால் என்னைப் பிடித்தது மலையல்ல. அந்தப் படத்தில் ஒரு மனிதரும் இல்லை. அப்போதே முடிவு செய்தேன்: அடுத்த கோடையில் ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள், ஒருவருக்கும் சமைக்காமல், ஒருவரும் இல்லாத இடத்தில் இருக்கவேண்டும். அந்த ஒரு கிழமை கிடைக்காவிட்டால் எனக்கு விசர் பிடிக்கும் என்று உண்மையாகவே நம்பினேன்.

பாரிசில், மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் சின்ன வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிரான்ஸ் வரைபடத்தை விரித்தேன். லிசேயில், உயர்பள்ளியில் படிக்கிற மகள் கணினியோடு பக்கத்தில் இருந்தாள். முதல்முறை போகிறவர்கள் செய்கிற பிழையை நாங்களும் செய்தோம். ஆல்ப்ஸ் மலையில் மூன்று தேசியப் பூங்கா, பிறகு மார்சேய்க் கடற்கரையில் ஒன்று, எல்லாம் ஒரு கிழமைக்குள். மகள் கணக்குப் பார்த்துவிட்டு, இப்படிப் போனால் பூங்காக்களைக் கண்ணாடிக்குள்ளால்தான் பார்க்கலாம் என்று பிரெஞ்சில் சொன்னாள். ஒவ்வொன்றாக வெட்டி, கடைசியில் வனுவாஸ் என்கிற ஒரு பூங்காவை மட்டும் வைத்துக்கொண்டோம். பூங்காவுக்குள் வண்டியை விட்டுப் படுக்க முடியாது, அடிவாரக் கிராமத்தில் கம்பிங் இடம் எடுக்கவேண்டும் என்றும் அவள்தான் கண்டுபிடித்தாள்.

இவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே வரைபடத்தைப் பார்த்தார்.

"அப்ப லியோனாலைதானே போகவேணும்?"

"பெருந்தெருவாலை போனால் ஊருக்குள்ளை இறங்கத் தேவையில்லை."

"அக்காவைப் பாக்காமல் எப்பிடியப்பா போறது? அவ கேள்விப்பட்டால்?"

"ஆர் சொல்லப்போகினம்?"

இவர் வேலை செய்வது எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில், காசு வாங்குகிற இடத்தில். அங்கே நிற்கிற மனிதரிடம் ஒரு இரகசியத்தைக் கொடுப்பதும் மெத்ரோவில் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான். சனிக்கிழமை நான் மரக்கறி வாங்கப் போனபோது முன்பின் தெரியாத ஒரு மனுசி, "நீங்கள்தானே அந்த வீட்டு வண்டிக்காரர்?" என்று கேட்டார்.

பிறகு சாமான்கள் வரத் தொடங்கின. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாராவது எங்கேயாவது போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் அந்தத் திசையில் இருக்கிற எல்லாச் சொந்தமும் ஞாபகத்துக்கு வந்துவிடும். ஒருவர் கிரெனோபிலில் இருக்கிற தன் மகளுக்கு வறுத்து இடித்த மிளகாய்த்தூள். இன்னொருவர் தன் மார்சேய் மருமகளுக்குத் தைத்த சட்டை. நாங்கள் மார்சேய்ப் பூங்காவைக் கைவிட்ட செய்தி மட்டும் கடைத்தெருவுக்குப் போய்ச் சேரவில்லை. ஒருவர் ஒரு மூட்டை அரிசியையே கொண்டுவந்து இறக்கினார். எங்கள் கட்டடத்தில் லிப்ட் இல்லை. அவர் அதை நான்காம் மாடிக்குச் சுமந்து ஏறி வந்து, மூச்சு வாங்க, "உங்களுக்கென்ன அண்ணை, வண்டிதானே கொண்டு போகுது" என்று இவரிடம் சொன்னார்.

கீழ்வீட்டு மன்னார் அம்மா நல்லவர், அளவாகப் பேசுகிறவர். அவரும் மெழுகுதிரிக் கட்டோடு வந்தார்.

"போற வழியிலை லூர்து மாதாவுக்கு இதைக் கொளுத்திவிடுங்கோ, பிள்ளை."

மகள் வரைபடத்தில் லூர்தைக் காட்டினாள். நாங்கள் போவது நாட்டின் ஒரு மூலை, லூர்து இருப்பது மற்ற மூலை. இவர் அந்த இடத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "மாதா விசயத்திலை தூரம் பாக்கக்கூடாது" என்றார். நாங்கள் சைவ சமயக்காரர். இது விடுமுறை இல்லை, சாமான் விநியோகம் என்று மகள் பிரெஞ்சில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

இதற்குள் இவருக்கு ஒரு கனவு வேறு பிறந்துவிட்டது. மலையடிவாரத்தில் ஒடியற்கூழ், பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற கூழ். நண்டு, இறால், மீன்தலை, பலாக்கொட்டை எல்லாம் போட்டு, பெரிய பானையில், விறகடுப்பில்.

"கூழை மூண்டு பேருக்குக் காய்ச்சேலாதப்பா. கூழுக்குச் சனம் வேணும். கிரெனோபில் ஆக்களுக்கும் ஒரு சொல்லுச் சொன்னால்..."

"நான் சனமில்லாமல் இருக்கத்தான் மலைக்குப் போறன்!"

நல்ல காலமாக அந்தப் பூங்காவில் நெருப்பு மூட்டக்கூடாது. நாய் கொண்டுபோகக்கூடாது, பூவும் பிடுங்கக்கூடாது. மகள் வாசித்துச் சொல்லச் சொல்ல இவருடைய முகம் தொங்கியது. "பிறகேன் அங்கை போறது?" என்று உண்மையான சந்தேகத்தோடு கேட்டார்.

வண்டி வாடகைக்குக் கொடுக்கிற இடத்துக்கு முதலிலேயே ஒரு நாள் போய்ப் பார்த்தோம். பொறுப்பாக இருந்த இளைஞன் ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினான். அடுப்பிலிருந்து கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் ஒரு சின்னக் கதவு. திறந்தால் கக்கூஸ். இவர் பின்வாங்கினார். அதன் அடியில் ஒரு பெட்டி இருக்கிறது, நிறைந்ததும் நீங்களே இழுத்தெடுத்து ஊற்றவேண்டும் என்று இளைஞன் சிரித்துக்கொண்டு சொன்னான். இவர் என்னைப் பார்த்தார். நான் மகளைப் பார்த்தேன். மகள் கூரையைப் பார்த்தாள். அந்த நிமிடமே மூன்று பேரும் ஒரு சொல்லும் பேசாமல் ஒரு முடிவுக்கு வந்தோம்: இந்தக் கதவை ஒருவரும் திறப்பதில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் இவ்வளவு ஒற்றுமையாக எடுத்த முடிவு வேறில்லை.

"அப்ப அதுக்குள்ளை அரிசி மூட்டையை வைக்கலாம்" என்றார் இவர்.

"கக்கூசுக்குள்ளையோ?"

"பாவிக்காத கக்கூஸ் கக்கூஸ் இல்லையப்பா. அது அலுமாரி."

அரிசி மூட்டை என்ற சொல் புரியாவிட்டாலும் இவருடைய கை காட்டிய அளவு இளைஞனுக்குப் புரிந்தது. அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு நிறையைப் பற்றிச் சொன்னான். சாதாரண லைசென்சோடு ஓட்டுவதென்றால் வண்டியும் உள்ளே இருப்பதும் சேர்ந்து மூன்றரைத் தொன்னைத் தாண்டக்கூடாது. வண்டியே கிட்டத்தட்ட அவ்வளவு. தண்ணீர், சாமான், ஆட்கள் எல்லாம் மிச்சத்துக்குள் அடங்கவேண்டும். ஆட்கள் என்று அவன் சொன்னபோது இவர் என்னை மேலிருந்து கீழாக ஒரு தரம் பார்த்தார். அதற்கான பதிலை வீட்டுக்கு வந்து கொடுத்தேன்.

ஆனால் அந்த மூன்றரைத் தொன் எனக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. அரிசி மூட்டை நான்காம் மாடியிலிருந்து இறங்கியது. மிளகாய்த்தூள் போனது, மெழுகுதிரி போனது. "இனி உந்தச் சனத்தின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது" என்று இவர் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பெருமூச்சு விட்டார். எல்லாம் போயும் ஒன்று மட்டும் போகவில்லை. மச்சாள். அக்காவுக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதாம். மூன்று நாள். எங்களுக்கு இருப்பதே ஏழு நாள்!

அழுதேன். கோபித்தேன். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். பேசாத நாட்களில் இவர் நிம்மதியாக இருந்ததைக் கண்டதும் திரும்பவும் பேசத் தொடங்கினேன். "அவ ஆசையா இருக்கிறா, மனம் நோகும்" என்பதையே இவர் திரும்பத் திரும்பச் சொன்னார். வரைபடத்தை மடித்து அலுமாரிக்கு மேல் எறிந்தேன். வண்டி எடுத்துக்கொண்டு லியோனுக்குப் போய் வெங்காயம் வெட்டுவதற்கு ரயிலிலேயே போகலாமே.

புறப்படுவதற்கு ஒரு கிழமை இருக்கும்போது ஒரு மத்தியானம் மச்சாளிடமிருந்து போன் வந்தது. எனக்கு நேராக அவர் எடுப்பதே இல்லை.

"தம்பி பக்கத்திலை நிக்கிறானோ?"

"இல்லை மச்சாள், கடைக்குப் போயிட்டார்."

"நல்லது. இஞ்சை பாரும், நான் ஒண்டு கேட்டால் கோவிக்கக்கூடாது."

என்ன மீன் வாங்கிவரச் சொல்லப்போகிறார் என்று பேனை தேடினேன்.

"நீங்கள் வராமல் விடேலுமோ?"

எனக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது. மச்சாள் மூச்சுவிடாமல் தொடர்ந்தார்.

"போன கிழமைதான் சுவிஸ்காரர் போனவை. அதுக்கு முதல் டென்மார்க். நீங்கள் நிக்கிற நாளிலையே லண்டன்காரரும் வருகினம். லியோனிலை வீடு வைச்சிருக்கிறது சந்தியிலை வீடு வைச்சிருக்கிறது மாதிரி, பிள்ளை. இத்தாலிக்குப் போறவையும் இஞ்சைதான், ஸ்பெயினுக்குப் போறவையும் இஞ்சைதான். தோய்ச்ச பெட்சீற் காயமுதல் அடுத்த ஆக்கள் வந்திடுகினம். எனக்கு ஏலாது. ரோட்டைக் கிண்டிப் போட்டாங்கள், பெரிய வண்டி உள்ளை வராது எண்டு தம்பிக்கு நான் சொல்லுறன். நீரும் ஓம் எண்டு சொல்லும்."

நான் துள்ளிக் குதித்திருக்கவேண்டும். அதற்குப் பதிலாக எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எங்களை வரவேண்டாம் என்று சொல்ல மச்சாள் யார்? டென்மார்க்காரருக்கு ஒரு நீதி, எங்களுக்கு ஒரு நீதியா?

"எனக்கும் உங்கடை வீட்டை வர விருப்பமில்லை, மச்சாள்" என்று சொல்லிவிட்டேன்.

மச்சாளின் குரல் உயர்ந்தது.

"அதேன்? என்ரை வீட்டிலை என்ன குறை?"

"வெங்காயம்."

"என்ன வெங்காயம்?"

"எப்ப வந்தாலும் சின்னனா வெட்டச் சொல்லுவியள்."

மச்சாள் சிரிக்கத் தொடங்கினார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. நிறுத்தப் பார்த்து, முடியாமல், இருமி, திரும்பவும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோது இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன். என்னுடையது நனைந்திருந்தது நிச்சயம்.

அன்று பின்னேரம் இவர் வாடிய முகத்தோடு வந்து, லியோனில் ரோட்டைக் கிண்டிவிட்டார்களாம் என்றார். "ஐயோ, அப்பிடியோ" என்றேன். நான் இவ்வளவு நன்றாக நடிப்பேன் என்று எனக்கே தெரியாது. அலுமாரிக்கு மேலிருந்த வரைபடத்தை எடுத்துத் தூசு தட்டினேன்.

வண்டி லியோனைத் தாண்டியபோது இவர் அந்தப் பக்கமே பார்க்காமல் ஓட்டினார். மலையடிவாரத்தில் முதல் நாள் விடிய எழும்பினேன். தேத்தண்ணி கேட்க ஒருவரும் இல்லை. மகள் தூங்கினாள், இவர் கம்பிங் இடத்துப் பொதுக் கக்கூசைத் தேடிப் போயிருந்தார். மலையைப் பார்த்தேன். நன்றாக இருந்தது. இரண்டாம் நாளும் பார்த்தேன், இன்னும் நன்றாக இருந்தது. அப்போது லியோனில் லண்டன்காரருக்கு யார் வெங்காயம் வெட்டிக்கொண்டிருப்பார் என்ற நினைப்பு வந்தது. அதற்குப் பிறகு மலையைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. போனை எடுத்தேன்.

"மச்சாள், லண்டன்காரரிட்டை வீட்டுத் திறப்பைக் குடுத்திட்டு வாங்கோ. இஞ்சை ஒருத்தரும் சமைக்கமாட்டினம்."

"விசரே உமக்கு?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அடுத்த நாள் காலை மச்சாளே போன் எடுத்து வருகிற நேரத்தைச் சொன்னார், பின்னேரம் பேருந்திலிருந்து இறங்கினார். எங்கள் ஆட்கள் தம்பி வீட்டுக்கு வெறுங்கையோடு போவதில்லை, பலகாரமாவது இருக்கும். இவர் அக்காவைக் கண்ட சந்தோசத்தில் ஓடிப்போய், பைகளை இறக்குவதற்காகப் பேருந்தின் வயிற்றுப் பக்கம் நின்றார்.

"அக்கா, சாமான் எங்கை?"

"ஒண்டும் கொண்டரேல்லையடா" என்றார் மச்சாள். தோளில் ஒரு சின்னக் கைப்பை மட்டும். களவு செய்தவர் போலப் பயமும், அதைவிடப் பெரிய சந்தோசமும் முகத்தில் இருந்தன.

வண்டிக்கு வந்ததும் பழக்கத்தில் அடுப்புப் பக்கம் போனார். நான் கையைப் பிடித்து வெளியே கதிரையில் இருத்தினேன். அன்றைக்குச் சமைத்தது இவர். நூடில்ஸ் அவித்தார். முப்பது வருடம் பலசரக்குக் கடையில் நின்ற மனிதருக்கு அதை எப்போது இறக்குவதென்று தெரியவில்லை. குழைந்து களியாகியிருந்தது. மச்சாள் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"ஆரோ சமைச்சு, நான் இருந்து சாப்பிட்டு எவ்வளவு காலம்" என்றார்.

பிறகு முழுவதையும் சாப்பிட்டார். கோப்பையைத் தம்பியிடம் நீட்டி, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.