மங்கலத்தின் காப்பிக் கரண்டி

மங்கலம் காப்பித்தூள் எடுப்பதே ஒரு வேடிக்கை. கரண்டியில் எடுத்ததை ஆள்காட்டி விரலால் மட்டமாகத் தடவிவிடுவாள். விரலில் ஒட்டியதையும் டப்பா விளிம்பில் வழித்துவிட்டுத்தான் மூடுவாள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் தன்னைவிடச் சிக்கனக்காரி கிடையாது என்பது அவள் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட பட்டம். சிதம்பரத்தில் பெரிய குடும்பத்துக்கு ஒரே ஃபில்டரை வைத்துக் காலம் தள்ளிய அம்மாவின் மகளாயிற்றே! முதல் டிகாக்ஷன் கணவர் பொன்னுரங்கத்துக்கு, இரண்டாவது தனக்கு, மூன்றாவது பிடிக்காத விருந்தாளிக்கு.

அப்போது மயிலாடுதுறைப் பாதையில் தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். "அகலப்பாதை போட்டு ரயிலும் வந்துரும், உன் டிகாக்ஷன் எறங்காது" என்பார் பொன்னுரங்கம்.

சிக்கனத்தில் அவள் செய்த ஒரே தப்பு, வீட்டுக்கு வந்த பேப்பரை நிறுத்தியதுதான். மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற மனிதர் காலையில் என்ன செய்வார்? பேப்பர் படிக்கப் பக்கத்து வீட்டுக்குப் போனார். அந்த வீட்டு சௌந்தரம் ஒரு டம்ளர் காப்பி கொடுத்தாள். அப்புறம் பேப்பர் வராத நாளிலும் போனார்.

"அப்படி என்னங்க இருக்கு அவ காப்பியில?"

"கெட்டியா இருக்கு மங்கலம். குடிச்சா குடிச்ச மாதிரி இருக்கு."

மங்கலத்துக்கு வயிறு எரிந்தது. அந்த நெருப்பில் ஓர் அண்டா பால் காய்ச்சியிருக்கலாம். 'தூளை அள்ளிக் கொட்டுவா, ஊதாரி' என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அந்தத் தேறுதலும் காப்பி அரைக்கும் கடையோடு போயிற்று. "பக்கத்து வீட்டுல எவ்ளோ வாங்கறாங்க?" என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள்.

"நீங்க வாங்கறதுல பாதிதாம்மா" என்றார் கடைக்காரர்.

ருசியில் தோற்றது போகட்டும், சிக்கனத்திலுமா? மறுநாள் உறைமோர் கேட்கிற சாக்கில் கிண்ணத்தோடு சௌந்தரத்தின் அடுப்பங்கரைக்குள் நுழைந்தாள். இரும்புச் சட்டியில் எதுவோ கன்னங்கரேலென்று வறுபட்டுக்கொண்டிருந்தது.

"இன்னாடி இது, கருகிப் போவுது?"

"கருகணும்க்கா. பலாக்கொட்டை. எங்கண்ணன் காடாம்புலியூர்லேர்ந்து மூட்டையா கொண்டாந்து போட்டுட்டுப் போவாரு. பொடிச்சி, காப்பித்தூள்ல பாதிக்குப் பாதி கலந்துருவேன். மாமாவுக்குக் கூட அதான ரொம்பப் புடிக்குது. கொஞ்சம் எடுத்துட்டுப் போயேன்க்கா."

"வேணாம்மா. எங்களுக்கெல்லாம் ஒத்துக்காது."

ஒத்துக்காத மங்கலம், அதற்குப் பிறகு தெருவில் எந்த வீட்டில் பலாப்பழம் அறுத்தாலும் பாத்திரத்தோடு வாசலில் நின்றாள். சாம்பாருக்கு என்றாள். மூன்றாம் வீட்டில் சுளையைத் தின்ன விடாமல் கையிலிருந்தே கொட்டையைப் பிடுங்கினாள் என்று சொல்கிறார்கள்.

முதல் தடவை வறுவல் போதாமல் காப்பியில் பலாக்கொட்டைக் கூட்டு வாசனை அடித்தது. கீழே கொட்ட மனசு வராமல், மூக்கைப் பிடித்துக்கொண்டு அவளே குடித்து முடித்தாள். அடுத்த தடவை புகை கிளம்புகிற வரை வறுத்தாள். டிகாக்ஷன் மையாக இறங்கியது. பக்கத்து வீட்டுக்குக் கிளம்பிய பொன்னுரங்கத்தை வாசலிலேயே மறித்து டம்ளரை நீட்டினாள்.

அவர் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்படியே சௌந்தரம் காப்பி. அது குடுத்தனுப்பிச்சுதா?"

மங்கலம் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய், மீதியைத் தானே குடித்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் வாசலில் பேப்பர் வந்து விழுந்தது. பொன்னுரங்கம் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இனிமே இங்கயே ஒக்காந்து படிங்க."

"சரி. காப்பி?"

"வரும். பேப்பருக்குக் குடுக்கற காசை எதுலயாச்சும் புடிக்கணுமில்ல?"

சொல்லிவிட்டு, பலாக்கொட்டைப் பொடியைக் கரண்டியில் குவித்து எடுத்தாள். விரல் கிட்டேயே போகவில்லை.