சில்லும் இரண்டு வேகத்தடைகளும்

சில்லு என்ற பெயர் முதன்முதலாகக் காதில் விழுந்தது ஒரு சாவு வீட்டில். உள்ளே பிணம் கிடக்கிறது, வாசலில் இரண்டு பேர் கட்டிப் புரள்கிறார்கள். "டேய் சில்லு, கழுத்த விடுடா! ஒரு வீட்டுக்கு ஒரு சாவு போதும்டா!" என்று ஒருத்தி தொண்டை கிழியக் கத்தினாள். கத்தியவள் அவன் அக்கா. எங்கள் கடைசித் தங்கையின் மூத்த மகனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அந்த வழியில்தான் சில்லுவும் சொந்தக்காரனானான்.

பேர் வந்த கதையும் அடிதடிதான். அப்பனுக்குக் கண்ணாடிக் கடை. ஒன்பது வயதில் இவன் ஒரு நிலைக்கண்ணாடியைப் போட்டு உடைக்க, மிச்சச் சட்டத்தைத் தூக்கி அப்பன் இவன் முகத்தில் வீசினான். புருவத்துக்குள் போன சில்லு முழுசாக வெளியே வரவே இல்லை. கோபம் வந்தால் அந்த இடம் சிவந்து துடிக்கும்.

அப்பன் கொடுத்த அடிக்குக் கணக்கில்லை, சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். விழுகிற கண்ணாடியைப் பிடிக்காதே, கையை எடு, காலை எடு, விலகிப் போ. அக்காவும் அதைக் கேட்டு அதே கடையில் வளர்ந்தவள். அப்பன் கை ஓங்கினால் தம்பிக்கு முன்னால் வந்து நின்று முதுகில் வாங்கிக்கொள்வாள்.

அப்பன் போனபின் கடை சில்லுவுடையதாயிற்று. தெருமுனையில் கடை, தெரு நடுவில் அக்கா வீடு. சாக்கு வைத்து, கண்ணாடியை நிற்க வைத்துக் கட்டி, குட்டி லாரியில் பிள்ளையைக் கொண்டுபோவதுபோல் கொண்டுபோவான்.

ஒருநாள் பகலில், அக்காவின் ஏழு வயது மகளை ஒரு மோட்டார் சைக்கிள் ஆறு வீடு தூரம் இழுத்துக்கொண்டு போனது. தொடை எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. இடித்தவன் நிற்கவில்லை. மறுநாள் அதே வேகத்தில் வந்த வேறு எவனையோ தெரு சேர்ந்து பிடித்து அடித்தது. முதல் அடி சில்லுவுடையது. இடித்தவன் அவன் இல்லை என்று தெரிந்தபோது அடிபட்டவனுக்கு ஒரு காது கேட்காமல் போயிருந்தது.

அக்கா புருஷன் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினான். இரண்டு வேகத்தடை வேண்டும். மனுப்படி ஒன்று சில்லுவின் கடை வாசலிலேயே வரும். சில்லு கையெழுத்துப் போடவில்லை.

"மருமக கால் போனது பெருசில்ல, கண்ணாடி போறதுதான் பெருசு, இல்லையா மாப்ள?"

"போட வேணாம்னு நான் சொல்லல மாமா. கடையத் தாண்டி உள்பக்கமா போடச் சொல்லுங்க. ஒவ்வொரு லோடும் அதுல ஏறி இறங்கினா கடைய மூட வேண்டியதுதான்."

"மூடு. எம்புள்ள நடக்கட்டும், நீ கடைய மூடு."

நகரமன்றத்தில் விசாரணை வைத்தார்கள். அக்காவும் புருஷனும் வந்திருந்தார்கள். சில்லுவுக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் ஆள் உயரக் கண்ணாடி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான்.

"இது எதுக்குய்யா?" என்றான் வாசல் காவல்காரன்.

"சாட்சி."

"உங்க சாட்சிக்கு நாற்காலி போடணுமா?" என்று ஓர் உறுப்பினர் கேட்க, மன்றமே சிரித்தது. சில்லு சிரிக்கவில்லை. கண்ணாடியைத் தலைவர் மேசையில் சாய்த்து வைத்தான். "இது ஒரு குலுக்கு தாங்காதுங்க" என்று தொடங்கினான். அதற்குள் அக்கா புருஷன் பாய்ந்து வந்து சட்டையைப் பிடித்தான்.

"எம்புள்ள மட்டும் தாங்குவாளாடா?"

கன்னத்தில் ஒன்று விழுந்தது. புருவம் துடித்தது. சில்லு திருப்பி விட்ட குத்தில் மாமன் மூக்கு உடைந்து ரத்தம் மேசைக் காகிதங்களில் தெறித்தது. இருவரும் மேசையில் மோத, கண்ணாடி சரிந்தது.

சில்லு கையை எடுத்தான், காலை எடுத்தான், விலகினான். அக்கா விலகவில்லை. "ஐயோ, தம்பி சரக்கு!" என்று ஓடிவந்து இரண்டு கையாலும் பிடித்தாள். கண்ணாடி அவள் வலது உள்ளங்கையை மணிக்கட்டுவரை பிளந்தது.

அவளைத் தூக்கிக்கொண்டு போனபிறகு, புருஷன்காரன் உடைந்த நாற்காலிக் காலால் சில்லுவைத் தாழ்வாரத்தில் வைத்து அடித்தான். நாலு பல் தரையில் விழுந்தது. சில்லு கையை ஓங்கவே இல்லை. உள்ளே தரையைத் துடைத்துவிட்டு, மனுவில் கேட்ட இடத்திலேயே இரண்டு வேகத்தடை என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். எதிர்ப்பு இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். எதிர்த்தவன் வெளியே சுருண்டு கிடந்தான்.

ஆஸ்பத்திரியில், வீங்கிய வாயோடு அக்கா பக்கத்தில் போய் நின்றான்.

"விழுறத பிடிக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதாக்கா?"

"தெரியும்" என்றாள் அக்கா. "நீ விலகினதையும் பார்த்தேன்."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அக்கா மகள் இப்போது தாங்கித் தாங்கி நடக்கிறாள். அக்காவின் வலது கையில் மூன்று விரல் மடங்காது. சில்லு வேகத்தடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து கடைக்குள் வைக்கிறான். அக்கா வீட்டு வாசலை மிதித்து ஆறு வருடம் ஆகிறது. அதே தெருமுனையில், அதே கடையில்தான் இருக்கிறான்.