எட்டுக்கு ஒன்று

தீபாவளி சீசன் மாதங்களில் அம்மா பிசைந்து உருட்டித் தரும் சோற்றில் கந்தக வாசம் அடிக்கும். எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும், நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் நாள் முழுக்க ‘மருந்து’ அடைத்த விரல்களை விட்டு அது போகாது. அப்பா இல்லாத வீட்டில் அந்த விரல்களை நம்பித்தான் நான் ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு செவ்வகங்களின் பரப்பளவு விகிதத்தை எழுத்துகளை வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்த கணக்கு டீச்சர், தெரிந்த இடம் ஒன்றை வைத்து ஆளுக்கொரு கணக்கு எழுதிவரச் சொன்னார். நான் அம்மா வேலை பார்க்கும் அறையைப் பற்றிக் கேட்டேன்.

“நீளம் எம்புட்டும்மா?”

“அளந்தா பாத்தேன்? பாதி நீளத்துக்கு அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும். மிச்சத்துல பாதி அகலத்துக்கு மருந்துத் தட்டு. நாங்க மூலையில கிடக்கோம். நாலு பேருக்கு உண்டான ரூமு, சீசன்ல எட்டுப் பேரு.”

அளவு தெரியாததால் நீளம் x, அகலம் y என்று வைத்துக்கொண்டேன். அறை xy, மிஞ்சிய மூலை x/2 பெருக்கல் y/2, அதாவது xy/4. முழு அறையில் நான்கு பேர் என்றால் ஆளுக்கு xy/4. மூலையில் எட்டுப் பேர் என்றால் ஆளுக்கு xy/32. விகிதம் 8 : 1. அறை எவ்வளவு பெரிதென்று தெரியாமலேயே, x-உம் y-உம் அடிபட்டுப்போய் விடை வந்து நின்றதில் எனக்கு அப்படியொரு சந்தோஷம். டீச்சர் சிவப்பு மையில் ‘மிக நன்று’ என்று எழுதினார். எந்த அறை என்று கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, மூன்றாவது பாடவேளையில் பள்ளிக்கூட ஜன்னல்கள் அதிர்ந்தன. வெடித்தது அந்த அறைதான். மூன்று பேர் அங்கேயே இறந்தார்கள். முதுகும் கைகளும் வெந்துபோன அம்மாவை விருதுநகருக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு விசாரணை அதிகாரி வருவதற்கு முன்பே போர்மேன் வந்துவிட்டார். “உள்ள உக்காந்து வேலை பாத்தது நாலு பேருதான்னு சொல்லிருங்க. கம்பெனிய மூடிட்டா ஊருல ஒரு அடுப்பு எரியாது” என்றார். அதே கம்பெனியில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த சித்தி தலையாட்டினாள்.

அதிகாரி வந்து, உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டபோது அம்மாவுக்குக் குரல் சரியாக எழும்பவில்லை. கண்ணால் என்னைக் காட்டி, “புள்ள கணக்குப் போட்டு வச்சிருக்கா. அவகிட்ட கேளுங்க” என்றாள்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். சித்தி என் தோளை அழுத்தினாள்.

“நாலு பேரு சார்” என்றேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாம் நாள் இறந்துபோனாள். விசாரணை அறிக்கையில், ‘அனுமதியின்றி அறைக்குள் நுழைந்தவர்கள்’ என்று நான்கு பேரின் பெயர்கள் இருந்தன. முதல் பெயர் அம்மாவுடையது. சித்தி என் கணக்கு நோட்டை அடுப்பில் போட்டபோது நான் தடுக்கவில்லை.

இப்போது காரியாபட்டியில் குடியிருக்கிறேன். போன மாதம் நாரணாபுரம் போயிருந்தேன். அந்த அறை நின்ற இடத்தில் அஸ்திவாரக் கல்கூட இல்லை. கம்பெனிக்குப் பெயர் மாறியிருக்கிறது. சித்தியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த எட்டுப் பேரில் மிஞ்சியிருப்பது முத்துலட்சுமி அக்கா மட்டும்தான். அன்று வெந்து ஒட்டிப்போன விரல்களால் அவர் நீட்டிய தம்ளரை வாங்கிக்கொண்டு, இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

“அக்கா, அன்னைக்கு நாலுன்னு சொன்னது நான்தான்.”

அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

“எங்ககிட்டயும்தான் வந்து கேட்டாக” என்றார். “நாங்களும் நாலுன்னுதான் சொன்னோம்.”