எத்தாப்ள் என்ற கல்வீடு

லா ஷப்பேலில் நான் குடியிருந்த கட்டடம் ஒரு காலத்தில் பண்ணைவீடு. பாரிஸ் நகரம் அவ்வளவு தூரம் பரவாத நாட்களில் அங்கே பசு வளர்த்து, நகரத்துக்குப் பால் கொண்டுபோய் விற்றிருக்கிறார்கள். எண்பதுகளில் நான் போய்ச் சேர்ந்தபோது அதைத் துண்டு துண்டாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள்.

தெருவிலிருந்து பார்த்தால் ஒரு பெரிய மரக்கதவு மட்டும் தெரியும். வண்டி நுழைவதற்காக வைத்த கதவு. அதைத் தாண்டினால் கல் பாவிய முற்றம். வலப்பக்கம் பண்ணைக்காரர் வாழ்ந்த வீடு: செதுக்கிய கல், வாசற்படிகள், உயரமான சன்னல்கள். இடப்பக்கம் தொழுவம்: செதுக்காத கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய சுவர், அகலமான, உயரம் குறைந்த கதவு, தலைக்கு மேலே சிறிய சன்னல்கள். மாடு வெளியே பார்க்கத் தேவையில்லை என்று கட்டியவர் நினைத்திருக்க வேண்டும். தொழுவத்துக்கு மேலிருந்த வைக்கோல் பரண்தான் என் அறை. வைக்கோலை ஏற்றிய வாசலுக்குக் கண்ணாடி போட்டு அதையே எனக்குச் சன்னலாக்கியிருந்தார்கள். கட்டடம் முழுவதும் ரயில்புகை படிந்து கறுத்திருந்தது. முற்றத்துக்கு வெயில் வந்ததாக நினைவில்லை.

யாழ்ப்பாணத்தில் நான் கட்டடப் படம் வரைபவனாக வேலை பார்த்தவன். அதனால் இதையெல்லாம் கவனித்தேன். எனக்குக் கீழே, தொழுவத்தில் குடியிருந்தவர் கவனிக்கவில்லை.

அவர் எங்கள் பகுதிக்காரர், என்னைவிட இளையவர், ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மணம் முடித்த கையோடு மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்தவர். வீடு கிடைத்ததும் தொலைபேசியில் மாமனார் கேட்ட முதல் கேள்வி, என்ன மாதிரி வீடு என்பதுதான். கல்வீடு என்று இவர் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குத் தனி மரியாதை. மண்வீட்டில் இருப்பவன் கல்வீடு கட்டினால்தான் நாலு பேர் பெண் கேட்டு வருவார்கள்.

அதோடு விட்டிருந்தால் போயிருக்கும். கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட பெண்மணியும் தபால்காரரும் அவர் இருந்த கீழ்வீட்டை எத்தாப்ள் என்றே சொல்லிவந்தார்கள். ஊரில் வீட்டுக்கு இல்லம் என்றும் வாசம் என்றும் பெயர் வைப்பதுபோல அதுவும் ஒரு பெயர் என்று அவர் நம்பிவிட்டார். மாமனாருக்கும் அந்தப் பெயரைச் சொன்னார். அதன்பின் ஊரிலிருந்து வந்த கடித உறைகளில் அந்தச் சொல் பெரிய எழுத்தில், கீழே கோடு போட்டு இருந்தது.

மனைவி வருவதற்கான பத்திரங்கள் சரியான பிறகுதான் அவர் என்னிடம் ஒரு உறையைக் காட்டினார். எத்தாப்ள் என்றால் மாட்டுக்கொட்டில் என்று சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

“பொய்யில்லையே அண்ணை. கல்லுத்தானே,” என்றார். பிறகு, “மனிசிக்குத் தெரியக்கூடாது,” என்றார்.

கல்லால் செய்த தீவனத்தொட்டி சுவரோடு சேர்ந்திருந்தது. அதன்மேல் பலகை போட்டுத் துணி விரித்தோம். கயிறு கட்டும் வளையத்தைக் காலண்டர் மறைத்தது. தரைதான் ஒன்றுக்கும் மசியவில்லை. கழிவு ஓடுவதற்காக இரண்டு பக்கமும் நடுவை நோக்கிச் சரிந்திருந்தது. பிளாஸ்டிக் விரிப்பு போட்ட பிறகும் கட்டிலின் ஒரு பக்கக் கால்களுக்கு அடியில் கட்டை வைக்கவேண்டியிருந்தது.

மனைவி ஒரு மழைநாளில் வந்து சேர்ந்தாள். அன்று மாலை என்னையும் தேநீருக்குக் கூப்பிட்டார்கள். அவர் பரபரப்பில் தண்ணீர்ச் சட்டியைத் தட்டிவிட்டார். தண்ணீர் விரிப்பின்மேல் நடுவுக்கு ஓடி, அங்கிருந்து திரும்பி நேராக வாசலுக்குப் போனது. அவள் அதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டில் பால்மாடு உண்டு என்பதை நான் அதற்குப் பிறகுதான் அறிந்தேன்.

“எத்தினை மாடு கட்டினவையாம் இஞ்சை?” என்றாள்.

அவள் எழுந்துபோய்த் தொட்டியின் துணியைத் தூக்கிப் பார்த்தாள். சுருக்கம் விழாமல் திரும்பவும் விரித்தாள். தேநீரைக் குடித்து முடித்த பிறகு, தன் தகப்பனை நினைத்தவளாக, “ஐயாவுக்குத் தெரியவேண்டாம். ஊரெல்லாம் சொல்லிப்போட்டார்,” என்றாள்.

சண்டை வரும் என்று பயந்திருந்தவருக்கு முகம் தெளிந்தது. நானும் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அன்றிலிருந்து அவர் சொன்ன எதையும் அவள் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. கடைசி மெத்ரோ எத்தனை மணிக்கு, உணவக முதலாளி கோபக்காரரா, பேக்கரியில் பாண் என்ன விலை என்று படிக்கட்டில் என்னை நிறுத்திக் கேட்பாள். எல்லாம் அவர் ஏற்கனவே சொன்னவை. அவரும் அதை அறிந்திருந்தார். மாரி முழுவதும் கீழ்ச்சுவர் வெள்ளையாக உப்புப் பூத்து உதிர்ந்தது. கூட்டும் சத்தம் எனக்குக் கேட்கும். பேச்சுச் சத்தம் அநேகமாகக் கேட்காது.

வசந்தத்தில் மாமனார் படம் கேட்டார். மகள் கல்வீட்டின் முன் நிற்கும் படம். அவள் புடவை உடுத்துவந்து பண்ணைக்காரர் வீட்டுப் படிகளில் ஏறி நின்றாள். படக்கருவி என்னுடையது.

“அண்ணை, கொட்டில் விழாமல் எடுங்கோ,” என்றாள்.

தன் கண்ணிலிருந்து தொழுவம் தப்பாதபடி பண்ணைக்காரர் வீட்டைக் கட்டியிருந்தார். வீடு முழுவதும் விழும்படி முற்றத்தில் எங்கே சாய்வாக நின்றாலும் தொழுவத்தின் கறுத்த சுவரில் ஒரு மூலை உள்ளே வந்தது. கடைசியில் தொழுவத்துக் கதவில் முதுகு முட்டும்வரை பின்னால் போனேன். அங்கே அவள் கணவர் வெளுத்த சட்டை போட்டு, தலைவாரி நின்றுகொண்டிருந்தார். தன்னையும் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்திருக்கிறார். நான் அவளைப் பார்த்தேன். அவள் படக்கருவியையே பார்த்தாள். எடுத்துவிட்டேன்.

படம் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபின் மாமனாரோடு பேச மூவரும் தெருமுனைத் தொலைபேசிக் கூண்டுக்குப் போனோம். அவர்கள் உள்ளே நெருக்கி நின்றார்கள். கதவு முழுதாகச் சாத்தவில்லை. படம் நல்லாயிருக்காம் என்று அவள் எனக்குத் தலையாட்டிச் சொன்னாள். பிறகு அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். மருமகன் ஏன் படத்தில் இல்லை என்று கேட்டிருப்பார்கள்.

“அவர் வேலைக்குப் போட்டார், ஐயா. இப்பவும் வேலையிலைதான்,” என்றாள்.

அவளை ஒட்டி நின்ற அவர், கையில் மிச்சமிருந்த நாணயங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார், இணைப்பு அறுந்துவிடாமல்.