டக்ளஸுக்குக் கேதம்

பக்கத்து வீட்டு லிங்கேஸ்வரன் ஸ்காட்லாந்துக்குப் படிக்கப் போனதிலிருந்து அந்த ஊர் நிலவரம் எனக்கு அத்துப்படி. காரணம், அவன் அம்மா சங்கிலியம்மாள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். கூடலூரில் எங்கள் தெரு முழுக்க அது கேட்கும். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் டிவி சத்தத்தைக் குறைத்துக்கொள்வேன்.

லிங்கேஸ்வரன் குமுளிக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பிலேயே வளர்ந்தவன். அவன் அப்பா ஓட்டுகிற வண்டி. நாலு பேர் சீட்டில் ஏழு பேரை அடைத்துவிட்டு, இன்னும் ஒருத்தர் வரலாம் என்று கூவுவார். அந்தப் பழக்கத்தில் பையன், போன புதிதில், காலியாகக் கிடந்த பஸ்ஸில் தனியாக இருந்த ஒரே ஆளின் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்திருக்கிறான். அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

"தள்ளி உக்காந்தா தப்பா நெனப்பாருன்னு நெனச்சேம்மா" என்றான். சங்கிலியம்மாள் அந்த ஆளைத்தான் திட்டினாள்.

மார்கரெட் என்ற வயதான அம்மாளின் வீட்டு மாடியில் அவனுக்கு அறை. கீழே அவரும் அவர் நாய் டக்ளஸும். சமையலறை பொது. இவன் மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போட்டுத் தாளித்தால் கூரையில் இருக்கும் புகை மணி அலறும். கடைசியில் ஒருநாள் தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. மாசக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள் என்று மார்கரெட் சொல்லிவிட்டார். அங்கே அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைக்காவிட்டால் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வர வேண்டியதுதான். பையன் அழாத குறை.

சங்கிலியம்மாளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். உள்ளுக்குள் என்ன, வெளியிலும்தான். "வந்துரட்டும்க்கா. இங்கன இல்லாத காலேஜா?" என்று சொல்லிவிட்டு, அவன் கட்டிலுக்குப் புது மெத்தை உறை வாங்கிப் போட்டாள். படிக்கிற பிள்ளை வாழ்க்கையில் மண்ணைப் போடாதே என்று நான் சத்தம் போட்டேன். காதில் வாங்கவே இல்லை.

இந்தச் சமயத்தில்தான் டக்ளஸ் செத்துப்போனது.

"போயி கேதம் கேட்டியா?" என்றாள் சங்கிலியம்மாள்.

"அம்மா, அது நாய்."

"அவுகளுக்கு வேற யாரு இருக்கா? அதுதான புள்ள. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு துக்கம் விசாரிக்காட்டி நீயெல்லாம் மனுசனாடா?"

"அவுக என்னைய வெளிய போகச் சொன்னவுகம்மா."

"பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்கே சாவுன்னா போறோம்ல. போடா."

போனான். நம் ஊரில் செய்வது போலவே, முன்கூட்டிச் சொல்லாமல், கீழே இறங்கிப்போய் மார்கரெட்டுக்கு எதிரே உட்கார்ந்தான். வாயே திறக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று அவர் கேட்டார். தலையை ஆட்டினான். அறை கிடைக்கவில்லையா என்றார். அதற்கும் தலையை ஆட்டினான். கொஞ்ச நேரம் கழித்து முறைப்படி ஆரம்பித்தான். எப்படி நடந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்களா, நல்லாத்தானே இருந்தான் என்று வரிசையாகக் கேட்டான்.

மார்கரெட் பேச ஆரம்பித்தார். டக்ளஸ் சோற்றை மோந்துகூடப் பார்க்காத அன்றிலிருந்து, ஊசி போட்டது, கடைசியாக வாலை ஆட்டியது வரை சொல்லி அழுதார். இவனும் அழுதான். டக்ளஸுக்காகவா, அறைக்காகவா என்று எனக்குத் தெரியாது. பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போடப் போனார்.

கோப்பைகளோடு திரும்பி வந்தால் ஆளைக் காணோம். கேத வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது, பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும் என்பது நமக்குத் தெரியும். மார்கரெட்டுக்கு எப்படித் தெரியும்? அழுத பையன் ஏதாவது செய்துகொள்ளப் போகிறான் என்று பதறி மாடிக்கு ஓடியிருக்கிறார். குளியலறை உள்ளே பூட்டியிருக்கிறது, தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்கிறது. கதவைத் தட்டோ தட்டென்று தட்டியிருக்கிறார். இவன் இடுப்பில் துண்டும் தலையில் ஷாம்பு நுரையுமாகக் கதவைத் திறந்து, கேதத்துக்குப் போய்வந்தால் தலை முழுகாமல் இருக்கக் கூடாது என்று நின்றபடியே விளக்கம் சொன்னானாம்.

மார்கரெட் மாடிப்படியில் உட்கார்ந்து, வயிறு வலிக்கும்வரை சிரித்தார். எல்லோரும் அனுதாப அட்டை அனுப்பினார்களாம், டக்ளஸ் எப்படிச் செத்தான் என்று ஒருத்தரும் கேட்கவில்லையாம். அறையைக் காலி செய்ய வேண்டாம், தாளிப்பை மட்டும் தோட்டத்தில் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்.

இதையும் ஸ்பீக்கரில்தான் கேட்டோம். பையன் குரலில் அப்படி ஒரு நிம்மதி. "நீ போகச் சொன்னதாலதாம்மா" என்றான்.

"நல்லதுய்யா. நல்லாப் படி" என்று சொல்லிப் போனை வைத்தாள் சங்கிலியம்மாள். என் பக்கம் திரும்பினாள்.

"நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, இந்நேரம் டிக்கெட் போட்டிருப்பான்க்கா."

"இருந்திருக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"அதெப்புடி? சாவுக்குப் போகாதேன்னு சொல்லியா புள்ளைய வளக்க முடியும்?" என்று சொல்லி, முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.